மலாய்க் கிழமைகளில் எண்ணிக்கை கமிஸோடு ஏன் நின்றுவிட்டது?

பீடோங் மளிகைக்கடை
இங்கே மலேசியாவின் கெடா மாநிலத்தில் வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிறன்று பள்ளி திறந்துவிடும். மகள் இரண்டாம் ஆண்டு; கல்லாப் பக்கம் உட்கார்ந்து மலாய்ப் பாடம் எழுதுகிறாள். இஸ்னின் (திங்கள்), செலாசா (செவ்வாய்), ராபு (புதன்), கமிஸ் (வியாழன்) எல்லாம் அரபு எண்கள் என்று செம்பனை லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சரி, அப்படியானால் ஜுமாஅத்தில் (வெள்ளி) ஆறு எங்கே, சப்துவில் (சனி) ஏழு எங்கே என்று அவள் என்னைப் பிடுங்குகிறாள். தோட்டத்து இந்தோனேசியர்கள் கடனை "மிங்கு" தருகிறோம் என்கிறார்களே, அதுவும் அரபுதானா?

லயத்துப் பையன்
சப்து என்றால் சனிக் கோள்தானே அண்ணே? நம்ம சனிக்கிழமை மாதிரி.

ரொட்டிச்சானாய் பாய்
இல்லை தம்பி. அரபுக் கிழமைகளில் கோளே கிடையாது. சின்ன வயதில் மதரசாவில் விரல் மடக்கிப் படித்தது: அஹத் ஒன்று, இஸ்னைன் இரண்டு, ஸுலாஸா மூன்று, அர்பிஆ நான்கு, கமீஸ் ஐந்து. கணக்கு ஞாயிற்றில் தொடங்குகிறது. ஆக, கெடாப் பிள்ளைகளுக்கு முதல் பள்ளி நாளே ஒன்றாம் நாள்!

ஆறாம் நாள் தொழுகைக்குக் கூடும் நாள். கூடுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து ஜுமுஆ வந்தது. இஸ்லாத்துக்கு முன்பு அதற்கு அரூபா என்று பெயர். ஸப்த், யூதர்களின் ஓய்வுநாள் ஷப்பாத்தோடு உறவுள்ள சொல். ஏழு ஒளிந்திருப்பது வாரத்துக்கான சொல்லில்: ஸப்ஆ ஏழு, உஸ்பூஃ வாரம்.

மிங்கு அரபே இல்லை, போர்த்துகீசியரின் தொமிங்கோ. 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் விட்டுப்போன சொத்து. மலாயில் அது வாரம் ஆகிவிட்டது. இந்தோனேசியர்களுக்கு வாரமும் அதுதான், ஞாயிறும் அதுதான். "ஹாரி மிங்கு" என்று சொன்னால் ஞாயிறு. கடன் நோட்டில் தேதி போட்டு வையுங்கள்.

இன்னொன்று. அந்தக் கணக்கில் நாள் பிறப்பது சூரியன் சாய்ந்ததும். "மாலாம் ஜுமாஅத்" என்றால் வியாழன் ராத்திரி. எங்கள் உம்மாவும் அதைத்தான் வெள்ளி இரவு என்பார். வெளியாட்கள் குழம்பிப் போவார்கள்.

பீடோங் மளிகைக்கடை
நன்றி பாய். பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அத்தை) மாலாம் ஜுமாஅத் கெண்டூரி விருந்துக்கு நாற்பது தேங்காய் சொல்லியிருக்கிறார். நான் வெள்ளி மத்தியானம் உரிக்கலாம் என்று இருந்தேன். நாளைக்கே ஆளை வரச் சொல்லிவிட்டேன்.