தருமபுரியிலிருந்து ஊட்டி மலை ரயில்: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். மே லீவுக்கு 6 பேர், அதில் 2 பேர் வயசானவங்க. மேட்டுப்பாளையத்தில் காலை 7:10 வண்டி. தருமபுரியிலிருந்து பஸ்ஸில் சேலம், அங்கே நள்ளிரவு தாண்டி வரும் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் என்று திட்டம்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்குது. ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்ட பிறகும் முழுசா வெயிட்டிங்கில் இருந்தா தானாக ரத்தாகிடும். அதை நம்பி ஏற முடியாது. மே மாசத்தில் வெயிட்டிங் எத்தனை வரை உறுதியாகும்?

கிடைக்கலைன்னா குன்னூர்–ஊட்டி மட்டும் போகலாம்தான். ஆனா பல்சக்கரத் தண்டவாளம் (செங்குத்தில் வழுக்காம ஏற, இன்ஜினின் பல்சக்கரம் பிடிச்சுக்கிற பல் வச்ச தண்டவாளம்) கல்லாறு–குன்னூர் இடையில்தான், நீராவி இன்ஜினும் குன்னூர் வரைதான். அந்தப் பகுதியைத் தவறவிட மனசில்லை. இறங்கும்போது குன்னூர்–மேட்டுப்பாளையம் சீட்டு சுலபமா கிடைக்குமா? ஏறும்போது குன்னூர் வரை எந்தப் பக்க ஜன்னலில் பள்ளத்தாக்கு தெரியும்?