டாக்டர் ஹூ (காலப்பயணம் பற்றிய பிரிட்டிஷ் டிவி தொடர்): காலம் தாண்டிப் போய்த் தன்னையே தொட்டால் என்ன ஆகும்?

கேள்வி: 2005இல் வந்த ‘ஃபாதர்ஸ் டே’ எபிசோடில் டாக்டரோடு பயணிக்கும் ரோஸ் குழந்தையான தன்னைத் தொட்டதும், காலம் கிழிந்தால் வரும் சிறகுள்ள உயிரியான ரீப்பர் தேவாலயத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. 2010 கிறிஸ்துமஸ் எபிசோடில் கிழவர் கஸ்ரான் சிறுவயது கஸ்ரானைக் கட்டிப்பிடிக்கிறார், ஒன்றுமே ஆகவில்லை. எதுங்க விதி?

பதில் 1: தொட்டால் ஆபத்து என்பது பழைய விதி. 1983இல் வந்த ‘மாட்ரின் அன்டெட்’டில் டாக்டரின் ராணுவ நண்பரான பிரிகேடியர் இரண்டு பேராக வருவார்; 1977ஆம் வருட பிரிகேடியரும் 1983ஆம் வருட பிரிகேடியரும் தொட்டதும் ஆற்றல் பீறிடும். பிளினோவிச் விளைவு என்பார்கள்.

பதில் 2: ‘ஃபாதர்ஸ் டே’யில் தொடுவதற்கு முன்பே காலம் கிழிந்துவிட்டது. சாக வேண்டிய தன் அப்பா பீட்டை ரோஸ் காப்பாற்றுகிறாள், அதுவும் முந்தைய ரோஸும் டாக்டரும் நின்றுகொண்டிருக்கும் அதே இடத்தில். ரீப்பர்கள் வரக் காரணம் அதுதான். தொட்டது உள்ளே வர வழிவிட்டது, அவ்வளவே. கஸ்ரானிடம் அப்படிக் கிழிசல் இல்லை. ஆனால் விளைவே இல்லை என்று சொல்லாதீர்கள்: டாக்டர் அவருடைய கடந்த காலத்தை மாற்றியதில் ஆள் மாறிப்போனதால், வானத்தைக் கட்டுப்படுத்தும் அவருடைய இயந்திரமே அவரை அடையாளம் காண மறுக்கிறது!

கேள்வி கேட்டவர்: அப்போ 2009 ‘வாட்டர்ஸ் ஆஃப் மார்ஸ்’? மாற்றவே கூடாத நிகழ்வை டாக்டர் மாற்றுகிறார், ரீப்பர் வரவில்லையே.

பதில் 2: அங்கே ஒரே ஆள் இரண்டு பேராக நிற்கவில்லை. டாக்டர் காப்பாற்றிய செவ்வாய்த் தளத் தலைவி அடிலெய்டும் உடனே உயிரை விட்டு வரலாற்றைச் சரிசெய்துவிடுகிறார்.

பதில் 1: ஏற்கிறேன். ஆனால் கஸ்ரான் அணைப்புக்குத் திரையில் விளக்கம் தராதது குறைதான். 2010இல் தொடரின் தலைமை எழுத்தாளர் பொறுப்பு டேவிஸிடமிருந்து மோஃபட்டுக்குப் போனதையும் கணக்கில் வையுங்கள்.