மறு: 'இன்சைடர்' பங்குப் பரிவர்த்தனைக்குத் தமிழில் என்ன?

வணக்கம்.

> 'உள்ளாள் வணிகம்' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, அதுதான் எனக்குத் தயக்கம். 'உள்ளாள் இல்லாமல் இவ்வளவு பெரிய திருட்டு நடக்குமா' என்று நாம் பேசுகிற சொல் அது. சொல்லும்போதே குற்றம் ஒட்டிக்கொள்கிறது. நாம் பெயர் தேடுவதோ, ஒரு நிறுவனத்தை நடத்துகிறவர்கள் அதன் பங்கை வாங்குவது, விற்பது போலச் சட்டப்படி, ஊரறியச் செய்கிற ஒன்றுக்கு.

அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுப் பங்குச் சந்தைச் சட்டம், 16-ஆம் பிரிவில், ஒரு நிறுவனத்தின் இயக்குநர்கள், உயர் அலுவலர்கள், 10 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் ஆகியோரை ஒரே கூட்டமாகப் பார்க்கிறது. இவர்களுடைய கையிருப்பு மாறினால் பெரும்பாலும் இரண்டு வேலை நாளுக்குள் நான்காம் எண் படிவம் போட வேண்டும். 2002-க்கு முன் அடுத்த மாதம் 10-ஆம் தேதி வரை நேரம் இருந்தது. மனைவி பெயரில் உள்ள பங்கையும் 'மறைமுக உடைமை' என்று காட்டியாக வேண்டும். ஆகவே இந்த ஆட்களுக்கு 'உள்வட்டத்தார்' என்பது என் பரிந்துரை. 'அமைச்சரின் உள்வட்டம்' என்று நாளிதழ்களில் படித்துப் பழகிய சொல்தான்.

'வணிகம்' ஏன் கூடாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் என் மைத்துனர் தன் ஊர் வங்கி ஒன்றில் கொஞ்சம் பங்கு வைத்திருந்தார். ஒருநாள் அந்த நான்காம் எண் படிவத்தில் வங்கித் தலைமை அதிகாரியின் பங்கு குறைந்திருப்பதைப் பார்த்து, 'அவரே விற்கிறார், நாம் ஏன் வைத்திருக்க வேண்டும்' என்று பதறி விற்றுவிட்டார். அந்த வரியில் இருந்த குறியீடு 'எஃப்'. ஊதியத்தோடு கொடுத்த பங்குகள் உரிமையாகும் நாளில், வரிக்கென்று ஒரு பகுதியை வங்கியே பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். சந்தையில் ஒரு பங்குகூட விற்கவில்லை. சொந்தக் காசு போட்டுச் சந்தையில் வாங்கினால் 'பி', விற்றால் 'எஸ்', அன்பளிப்புக்கு 'ஜி'. சின்ன வங்கியின் பங்கு தினமும் நிறைய விற்காது. அங்கே ஓர் இயக்குநர் 'பி' போட்டு வாங்கினால் அதற்குத் தனி எடை உண்டு.

வாங்கல், விற்றல், கொடை, பிடித்தம் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'கைமாற்றம்' பொருந்தும். 'கைமாற்று' கடனாயிற்றே என்று அக்கா கேட்டிருந்தார்கள். சரிதான், ஆனால் 'நிலம் கைமாறிவிட்டது' என்றால் யாரும் கடன் என்று நினைப்பதில்லை. ஆக, 'உள்வட்டப் பங்குக் கைமாற்றம்'. வெளியே தெரியாத செய்தியை வைத்துச் செய்யும் குற்றத்துக்கு 'உள்தகவல் வணிகம்'. முன்னதில் ஆளைச் சொல்கிறோம், பின்னதில் தகவலைச் சொல்கிறோம், இரண்டும் குழம்பாது. இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி இந்தக் குற்றத்தைத் தடுக்கக் கொண்டுவந்த 2015 விதிகளைத் தமிழில் எழுதும்போதும் இந்தப் பிரிவு உதவும்.

அப்புறம், உள்ளூர்க்காரர்களுக்கான சின்ன வங்கியைக் குறிக்கும் 'கம்யூனிட்டி பேங்க்' என்பதைச் 'சமுதாய வங்கி' என்று எழுதியிருக்கிறோம். நம் ஊரில் 'எங்கள் சமுதாயம்' என்றால் சாதி. 'வட்டார வங்கி' என்றால் கிராம வங்கிகளோடு குழம்பும். நான் மேலே 'ஊர் வங்கி' என்றே எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. உங்களுக்கு?

அன்புடன்