தக்கலை பக்கம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க மக்களே

வாற சனிக்கிழம மதுரைல இருந்து அத்தையும் மாமாவும் ரெண்டு பிள்ளைகளோட வாறாவ, கன்னியாகுமரி எல்லாம் பாத்தாச்சாம், அதனால பத்மநாபபுரம் அரண்மனைக்கு கூட்டிட்டு போலாம்னு இருக்கேன். 1795 வரைக்கும் திருவிதாங்கூருக்கே தலைநகரம், பக்கத்துலயே இருந்தும் நான் உள்ள போனது ஏழாங்கிளாஸ் டூர்ல மட்டும்தான் (போன மாசம் திங்கக்கிழம போயி, லீவுன்னு பூட்டுன கேட்ட பாத்துட்டு வந்த கத வேற). அந்த கறுப்பு தரை இன்னும் மறக்கல, சிரட்டைக்கரி சுண்ணாம்பு முட்டைவெள்ளை எல்லாம் சேத்து போட்டதாம், குனிஞ்சா நம்ம மூஞ்சி மங்கலா தெரியும், வெறுங்கால்ல நடந்தா ஜில்லுன்னு இருக்கும்.

அத்தைக்கு முட்டுவலி, அந்த ஒடுங்குன மரப்படி ஏறாம கீழ மட்டும் பாத்துட்டு வர முடியுமா? பெறகு உதயகிரி கோட்டைல டிலனாய் கல்லறை, டச்சுப்படைல வந்து 1741 குளச்சல் போர்ல நம்மகிட்ட தோத்துட்டு பெறகு நம்ம திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆனாரே அவருதான், அதையும் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் ஒரே நாள்ல சேத்து பாக்கலாமா, எது முதல்ல?

மதியத்துக்கு மரச்சீனியும் மீன்கறியும் நல்லா கெடைக்கிற கடை தக்கலைல எங்க இருக்கு? மாமா இப்பவே கேக்க ஆரம்பிச்சாச்சு.