பொது ஊழியா, பொது ஆண்டா? சி.இ., பி.சி.இ. சுருக்கங்களுக்கான தமிழ்ச் சொல்

வணக்கம்.

ஆங்கிலத்தில் கி.பி.க்கு ஈடாகச் சி.இ. ('காமன் ஈரா') என்றும், கி.மு.வுக்கு ஈடாகப் பி.சி.இ. ('பிஃபோர் காமன் ஈரா') என்றும் எழுதுகின்றனர். தமிழில் சி.இ. என்பதற்குப் 'பொது ஊழி' (பொ.ஊ.), 'பொது ஆண்டு' (பொ.ஆ.) என இரண்டு சொற்கள் வழங்குகின்றன. மூலச் சொல் காலக்கணக்கையே குறிக்கிறது, ஆண்டையன்று. ஆகவே 'ஆண்டு' பொருந்தாது என்பது ஊழி தரப்பின் வாதம். இச்சுருக்கங்களின் பிறப்பைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது என்பது என் கருத்து.

சி.இ.க்கு முன்பிருந்தே வழங்கும் ஏ.டி. (கி.பி.) இலத்தீன் தொடர். 'அன்னோ டொமினி' என்றால் 'ஆண்டவரின் ஆண்டில்' என்று பொருள். 525இல் ஈஸ்டர் நாள் அட்டவணை வகுத்த டயோனீசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி, கிறித்தவர்களைத் துன்புறுத்திய பேரரசர் டயோக்ளீஷியனின் பெயரால் ஆண்டு எண்ணுவதை விட்டு, கிறிஸ்துவின் பிறப்பிலிருந்து எண்ணத் தொடங்கினார். பி.சி.யோ ('பிஃபோர் கிறைஸ்ட்', கி.மு.) ஆங்கிலம். இந்த மொழிக் கலப்பால்தான் ஏ.டி.யை 'ஆஃப்டர் டெத்', அதாவது 'இறப்புக்குப் பின்' என்று பலர் தவறாக விரிக்கின்றனர். அப்படிக் கொண்டால் இயேசுவின் வாழ்நாள் எந்தப் பக்கமும் சேராமல் நின்றுவிடும். ஜெர்மன் மொழியைப் போலவே முன், பின் இரண்டையும் தன் சொல்லாலேயே சொல்லும் கி.மு., கி.பி.க்கு இக்குழப்பம் இல்லை.

நமக்கு முக்கியமானது 'ஆண்டில்' எனப் பொருள்படும் 'அன்னோ' என்ற உறுப்பு. இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கைக் குறிக்கும் ஏ.எச். கூட 'அன்னோ ஹெகிரே' என்ற இலத்தீன் தொடரே. 1615இல் வானியலாளர் கெப்ளர் தம் நூல் தலைப்பில் எழுதிய 'அன்னோ ஏரே நோஸ்ட்ரே வல்காரிஸ்', அதாவது 'நமது பொதுவழக்குக் காலக்கணக்கின் ஆண்டில்' என்பதும் ஆண்டில்தான் தொடங்குகிறது. எனவே 'பொது ஆண்டு' மரபுக்கு மாறானதன்று.

ஊழிக்கு வேறு சுமைகளும் உண்டு. உலகம் அழிந்து மீளும் பெருங்காலம் என்பது அதன் பழம்பொருள். நிலவியலில் பல கோடி ஆண்டுப் பிரிவுகளுக்கும் அதையே ஆள்கிறோம். 'சகாப்தம்' என்றாலோ, அதன் வேரே சக ஆண்டு. ஒரு குறிப்பிட்ட கணக்கின் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது.

ஆகவே பொ.ஆ., பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) என்பவற்றையும், காலக்கணக்கு முறையைத் தனியே சுட்ட வேண்டிய இடத்தில் 'தொடராண்டு' என்பதையும் முன்மொழிகிறேன். தமிழில் சுருக்கம் எண்ணுக்கு முன்னே வருவதால், 'பொது ஆண்டு 1010' என்று இயல்பாகப் படிக்கலாம். 'பொது ஊழி 1010' என்றால் ஆயிரத்துப் பத்தாம் ஊழி என்றே காதில் விழும்.

பயன்பாட்டுக் குறிப்பில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: பொ.ஆ.மு. 1க்கு அடுத்தது பொ.ஆ. 1, இடையில் சுழி ஆண்டு இல்லை. வானியலார் சுழியைக் கொள்வதால், பொ.ஆ.மு. 44 அவர்கள் கணக்கில் −43 ஆகும்.