வேர் முடிச்சுக்குள் ஏன் இளஞ்சிவப்பு?

கேள்வி: தொட்டியில் வளர்த்த பட்டாணிச் செடியைப் பிடுங்கினேன். வேர் முழுக்கக் கடுகு அளவில் முடிச்சுகள். பூச்சியோ என்று ஒன்றை நகத்தால் கீறினால், உள்ளே ரத்தம் கலந்த மாதிரி இளஞ்சிவப்பு. நோயா?

பதில்: நோயில்லை, பயப்படாதீர்கள். உள்ளே குடியிருப்பது ரைசோபியம் பாக்டீரியா. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. இந்தப் பாக்டீரியாதான் அதை அம்மோனியாவாக மாற்றித் தருகிறது. பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கிறது. நீங்கள் பார்த்த நிறம் லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அதனால் இந்தப் புரதம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, பாக்டீரியா சுவாசிக்கத் தேவையானதை மட்டும் விடுகிறது. முதன்முறை லென்ஸ் வைத்துப் பார்த்த அன்று எனக்குப் பேச்சே வரவில்லை.

இன்னொரு பதில்: உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முடிச்சுக்கு வயதாகிவிட்டது. அப்புறம், அடுத்த முறை செடியைப் பிடுங்காமல் மேலே வெட்டுங்கள். வேர் மண்ணிலேயே மட்கட்டும். வேறு நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து, அந்த நைட்ரஜனை மண்ணுக்கே கொடுக்கும்.

கேட்டவர்: சரி, அப்படியென்றால் யூரியா வேண்டாமா?

பதில்: வேண்டாம். யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும். அது நிறைய இருந்தால் செடி முடிச்சு போடுவதையே குறைத்துக்கொள்ளும்.