பொருள்: 'கால் டு ஆக்‌ஷன்'-க்கு ஒரு தமிழ்ச் சொல் வேணும்: ஏவலா, அழைப்பா?

எல்லாருக்கும் வணக்கம்,

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சி விக்கிற ஒரு குடும்பத்துக்கு வெப்சைட் எழுதிக் கொடுத்துட்டு இருக்கேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ ஒரு வரி வரும்ல, 'இப்பவே ஆர்டர் பண்ணுங்க', 'வாட்ஸ்அப்ல விலை கேளுங்க' மாதிரி, அந்த வரிக்கு ஒரு பேரு வேணும். டிசைன் பண்ற பையன் ஷீட்டுல 'கால் டு ஆக்‌ஷன்'னு தலைப்பு போட்டு அனுப்பிட்டான், அதப் பாத்துட்டு அண்ணாச்சி "கருப்பட்டிக்குக் கால் எதுக்குப்பா"ன்னு கேட்டார், அதுல இருந்து இதே நெனப்பா இருக்கு.

'செயல் அழைப்பு'ன்னு சிலர் எழுதுறாங்க. புரோகிராம் எழுதுறவனுக்கு அது ஃபங்ஷன் கால், மத்தவனுக்கு போன் கால், போதாததுக்கு ஆப்ப வேற 'செயலி'ன்னு சொல்லி வச்சிருக்கோம். 'அறைகூவல்'ல தொழிற்சங்க நோட்டீஸ் வாடை அடிக்குது, அரைக் கிலோ கருப்பட்டிக்குப் போய் அறைகூவல் விட முடியுமா. இத்தனைக்கும் சமாச்சாரம் நமக்குப் புதுசு இல்ல. பழைய பத்திரிகை விளம்பரத்துல 'கூப்பனை வெட்டி அனுப்பவும்', 'வி.பி.பி.யில் பெற எழுதவும்' (பார்சல் வந்ததும் தபால்காரர்கிட்ட காசு கட்டுறது), சினிமா போஸ்டர்ல 'இன்றே கடைசி', எல்லாம் இதே சாதிதான், பேருதான் யாரும் வைக்கல. யோசனை சொல்லுங்க.

———

தம்பி,

இலக்கணத்துலயே இருக்கே, வெளிய ஏன் தேடுறீங்க. முன்னால நிக்கிறவன்கிட்ட 'வா', 'போ', 'வாங்கு'ன்னா ஏவல். இடம், பால் பாக்காம எல்லாருக்கும் பொதுவா 'வருக', 'வாழ்க'ன்னா வியங்கோள், வாழ்த்தல் வைதல் விதித்தல் வேண்டல்னு நாலுக்கும் அது வரும். விளம்பரத்த யார் படிக்கிறாங்கன்னு எழுதுறவனுக்குத் தெரியாது, அதனால பட்டன்ல 'வாங்குக', 'பதிக'ன்னு வியங்கோள்ல போடுங்க. பேரு 'ஏவுரை'ன்னு வைக்கலாம். மூணெழுத்துல முடிஞ்சுது. மக்களுக்குப் புரியுமாங்கிற கேள்விய மட்டும் தயவு செஞ்சு கொண்டு வராதீங்க, 'பேருந்து'ம் ஒரு நாள் புரியாமத்தான் இருந்துச்சு.

———

யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு குரல். ஐயா சொல்லுறது இலக்கணத்துக்குச் சரிதான், ஆனா 'ஏவல்' எண்டா இஞ்ச சனம் முதல்ல சூனியத்தைத்தான் நினைக்கும், 'ஏவுரை' எண்டு எழுதினா ஆர் ஆருக்கு ஏவினது எண்டு கேப்பினம். இன்னொண்டு, உங்கட ஆக்கள் 'இன்றே வாங்க' எண்டு போடேக்க எங்களுக்கு ஒரே குழப்பம், கடைக்கு வரச் சொல்லுறீங்களோ, காசு குடுத்து எடுக்கச் சொல்லுறீங்களோ? எங்களுக்கு வாறதுக்கு 'வாங்கோ', எடுக்கிறதுக்கு 'வாங்குங்கோ', ரெண்டும் வேற வேற.

———

ஐயாவுக்கும் யாழ்ப்பாணத்து உறவுக்கும் நன்றி. 'வாங்க' விஷயம் நல்லா மாட்டுச்சு. சந்தையில "வாங்கம்மா வாங்க"ன்னு இழுக்குறப்போ ரெண்டு அர்த்தமும் சேர்ந்துதான் கேக்குது, அதுல ஒரு சுகமே இருக்கு, ஆனா பட்டனுக்கு அப்படி இழுக்கத் தெரியாதே, அதனால அந்த எடத்துல 'ஆர்டர் பண்ணுங்க'ன்னே போட்டுட்டேன்.

ஐயா, வியங்கோள் பத்தி நீங்க சொன்னதுல தப்பே இல்ல. ஆனா 'வாங்குக'ன்னு பட்டன்ல பாத்ததும் எனக்கு 'கோடிட்ட இடங்களை நிரப்புக' ஞாபகம் வந்து கை வேர்க்குது. 'வாங்கவும்'னு மாத்தினா 'காலணிகளை வெளியே விடவும்' பலகை ஆயிடுது. 'சமர்ப்பிக்கவும்' இன்னும் மோசம், பேரும் போன் நம்பரும் சமர்ப்பிக்க இது என்ன அம்பாளுக்குப் பட்டுப்புடவையா.

இதுல ரெண்டு நாளா எனக்கு உறைச்ச ஒண்ணு சொல்றேன். போன்ல 'சேமி', 'அழி', 'அனுப்பு'ன்னு ஒருமையில இருக்கு, அதப் பாத்து யாருக்கும் கோவம் வர்றதில்ல, ஏன்னா அங்க பேசுறது நாம, மெஷினுக்கு நாம கட்டளை போடுறோம். அதே எடத்துல 'வாங்கு'ன்னு இருந்தா சுருக்குன்னு குத்துது, ஏன்னா இப்ப பேசுறது கடைக்காரன், கேக்குறது நாம, வீட்டுக்கு வந்த ஆள 'வா, உக்காரு, வாங்கு'ன்னா எப்படி. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வடிவம்ங்கறதால அவங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல, மொழிபெயர்க்குறவங்களும் ஷீட்டுல தனிச் சொல்லா வர்றதப் பாத்து எல்லாத்தையும் ஒரே தட்டுல அடிச்சு விட்டுடுறாங்க. தமிழ்ல எழுதுறவன் பட்டனுக்கு முன்னால நின்னு 'இங்க யாரு யாருகிட்ட பேசுறா'ன்னு கேட்டே ஆகணும். ஏவல்ங்கிறது நாம மெஷின ஏவுறது, அது நமக்கே இருக்கட்டும். கடைக்காரன் நம்மள ஏவ முடியாது, அழைக்கத்தான் முடியும்.

அதனால என் ஓட்டு 'அழைப்புவரி'க்கு. அழைப்புன்னா போன் கால்தானேன்னு கேப்பீங்க, ஆனா பின்னால 'வரி' ஒட்டினதும் கல்யாண அழைப்பிதழ் பக்கம் சாயுது, போன் பக்கம் போறதில்ல. 'அழைப்புப் பொத்தான்'னு மட்டும் சொல்லிடாதீங்க, அது நேரா டயல் பண்ணிடும்.

இன்னொரு காரணமும் உண்டு, ஐயாவுக்குப் பிடிக்கும். சங்க காலத்து ஆற்றுப்படைப் பாட்டுல அரசன்கிட்ட பரிசு வாங்கிட்டு வர்ற பாணன் எதிர்ல வர்ற பாணன்கிட்ட 'போ'ன்னு மட்டுமா சொல்றான்? சிறுபாணாற்றுப்படையில நல்லியக்கோடன்ங்கிற அரசன்கிட்ட போற வழியில எயிற்பட்டினத்துல சுட்ட மீன் கிடைக்கும், வேலூர்ல சூடா புளிச்சோறு, ஆமூர்ல நண்டோட சோறுன்னு ஊர் ஊரா அடுக்குறான். போனா என்ன கிடைக்கும், வழியில என்ன நடக்கும், ரெண்டும் தெரிஞ்சாத்தான் கால் எடுத்து வைப்போம் (அண்ணாச்சி கேட்ட கால் இங்கதான் வருது). 'மேலும்'னு ஒரு பட்டன் வைக்கிறதுல அது இல்ல. 'ஒரு கிலோ விலை கேளுங்க'ங்கறதுல இருக்கு, அதுக்குக் கீழ பொடி எழுத்துல 'வாட்ஸ்அப் திறக்கும்'னு போட்டா இன்னும் நல்லது. 'இங்கே சொடுக்கவும்' வேண்டவே வேண்டாம். போன்ல யாரும் சொடுக்குறதில்ல, தட்டுறாங்க, அதோட கண் தெரியாதவங்க ஸ்கிரீன் ரீடர்ல லிங்க்கை மட்டும் பட்டியலா கேக்குறப்போ 'இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்'னு ஏழு தடவ வந்தா எங்க போறதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்.

'போனா வராது, பொழுது போனா கிடைக்காது' ரகத்தையும் கருப்பட்டி வீட்டுல கேட்டாங்க, பக்கத்துல ஒரு கடிகாரம் ஓட விட்டா நல்லாருக்கும்னு. திருவிழாவுல கூவுறவர் சொன்னா அது கலை, எல்லாருக்கும் தெரிஞ்ச வெளையாட்டு. சைட்டுல ரீஃப்ரெஷ் பண்ணினதும் திரும்ப 10 நிமிஷத்துல இருந்து ஓடுற கடிகாரம் பொய். 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுக்கச் சொன்ன 13 ஏமாத்து வேலையில இந்தப் பொய் அவசரமும் ஒண்ணு. 'வேண்டாம், எனக்கு ஆரோக்கியம் முக்கியம் இல்லை'ன்னு கூச்சப்படுத்துற மறுப்புப் பட்டனும் அதே பட்டியல்ல இருக்கு, அதையும் கேட்டாங்க, மாட்டேன்னுட்டேன்.

'ஏவுரை'யா 'அழைப்புவரி'யான்னு நீங்க பேசிட்டே இருங்க. இத அனுப்பப் போற நேரத்துல டிசைன் பையன்கிட்ட இருந்து மெசேஜ்: "அண்ணே, மூணாவது பக்கத்துல அழைப்புவரி ரெண்டு வரியா மடங்குது, சின்னதாக்கிக் குடுங்க." நான் அவன்கிட்ட இந்தச் சொல்ல ஒரே ஒரு தடவ போன்லதான் சொன்னேன். சின்னதாக்கப் போறேன்.